அந்த 3 லட்சம் எதற்காக?

கேள்வி:

மேடம், நான் திருவாரூர் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் 22 வருஷமாக இயற்பியல் ஆசிரியர். போன ஜனவரியில் எங்கள் ஊர்த் தனியார் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு டிவி தொகுப்பாளினி ஒருவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். 6 மணிக்கு வர வேண்டியவர் எட்டரைக்கு வந்தார். 40 நிமிஷம் மேடையில் இருந்தார். 3 லட்சம் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். அதே மேடையில், 35 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெறும் தலைமையாசிரியருக்குப் பொன்னாடை போர்த்தியபோது கைதட்ட ஆளில்லை. எல்லோரும் செல்போனைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண் பக்கம் போய்விட்டார்கள். யாரோ எழுதிக் கொடுப்பதைச் சிரித்துக்கொண்டே ஒப்பிக்கிறவர்களுக்கு இவ்வளவு புகழும் மரியாதையும் பணமும் தகுமா? விஸ்காம் இரண்டாம் வருஷம் படிக்கும் என் மகள், "நானும் ஆங்கர் ஆகப் போறேன்பா" என்கிறாள். அன்றைக்குச் செல்ஃபி எடுத்த கூட்டத்தில் அவளும் இருந்தாள். விடலாமா? என் பெயரைப் போட வேண்டாம்.

பதில்:

வணக்கம் சார்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சுருக்கென்றுதான் இருந்தது. என் வாழ்நாளில் பாதி இந்த "ஒப்பிக்கிறவர்களோடு" போயிருக்கிறது. இரண்டாம் தடவை படித்தபோது பொன்னாடையோடு நின்ற அந்தத் தலைமையாசிரியர்தான் கண்ணுக்குள் நின்றார். அவருக்கு என்ன நடந்தது என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

1994ல் டிவி உதவித் தயாரிப்பாளராக ஃப்ளோருக்குள், அதாவது படப்பிடிப்புத் தளத்துக்குள், நுழைந்தவள் நான். பாட்டுப் போட்டி, சமையல், கேம் ஷோ, தீபாவளி சிறப்பு நிகழ்ச்சி என்று கைக்கு வந்ததையெல்லாம் செய்தேன். எண்ணிப் பார்த்தால் 60, 70 தொகுப்பாளர்களோடு வேலை பார்த்திருப்பேன். பெயர் சொன்னால் உங்களுக்குத் தெரியக்கூடியவர்கள் அதில் ஏழெட்டுப் பேர் தேறுவார்கள். இந்தக் கணக்கை மறந்துவிடாதீர்கள், மகள் விஷயத்தில் தேவைப்படும்.

முதலில் அந்த 3 லட்சம். அது 40 நிமிஷப் பேச்சுக்குக் கொடுத்த பணம் இல்லை சார். ஜனவரி என்கிறீர்கள், அடுத்தது அட்மிஷன் சீசன். ஊர் முழுக்க பிளெக்ஸ் வைத்திருப்பார்களே, பள்ளியின் பெயர் எந்த அளவு எழுத்தில் இருந்தது, அந்தப் பெண்ணின் படம் எந்த அளவில் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். பள்ளி செய்தது விளம்பரச் செலவு. நாளிதழில் முழுப்பக்கம் கொடுத்திருந்தால் நீங்கள் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். அந்தத் தொகையும் முழுசாக அவர் கைக்குப் போயிருக்காது. நடுவில் ஈவென்ட் ஆள், மேனேஜர், மேக்கப், கூட வந்த இரண்டு பேர், கார் என்று ஒரு வரிசை உண்டு. இரண்டரை மணி நேரம் தாமதமாக வந்ததற்கு மட்டும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். குழந்தைகளை வேஷம் கட்டி உட்கார வைத்துவிட்டுக் காக்க வைப்பது தப்பு, அவ்வளவுதான்.

சேனல் கொடுக்கும் சம்பளம் வேறு கதை. அது எதற்குக் கொடுக்கப்படுகிறது என்று தெரிந்தால் "தகுமா" என்ற கேள்வியே கொஞ்சம் இடம் மாறி நிற்கும்.

1994ல் வந்த கேபிள் டிவி விதிகள்படி ஒரு மணி நேரத்தில் 12 நிமிஷத்துக்கு மேல் விளம்பரம் ஓடக் கூடாது. எத்தனை சேனல் அதை மதிக்கிறது என்பதை விடுங்கள். சேனல் விற்கிற சரக்கு அந்தப் 12 நிமிஷம்தான். மீதி 48 நிமிஷமும், உங்களை அந்தப் 12 நிமிஷத்துக்கு முன்னால் உட்கார வைப்பதற்கான ஏற்பாடு. "ஒரு சின்ன இடைவேளைக்குப் பிறகு சந்திப்போம்" என்று தொகுப்பாளர் சொல்கிற அந்த நொடிதான் எங்கள் பிழைப்பில் ரொம்ப ஆபத்தான நொடி. அப்போது உங்கள் கை ரிமோட்டுக்குப் போகிறதா இல்லையா? எந்தச் சேனலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கிற பார்க் (BARC) அமைப்பு, நாடு முழுக்க 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மீட்டர் வைத்திருக்கிறது. வியாழக்கிழமை ரேட்டிங் வரும். அன்று காலை எங்கள் அலுவலகத்தில் டீ ஆறிப்போகும், யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டோம். நிமிஷத்துக்கு நிமிஷம் ஒரு கோடு இருக்கும். எந்த இடத்தில் ஜனம் எழுந்து போனது என்று அது காட்டிக் கொடுத்துவிடும். சில முகங்கள் இருக்கும்போது இடைவேளையில் அந்தக் கோடு கொஞ்சம்தான் இறங்கும். சில முகங்களுக்குத் தடாலென்று விழும். அந்த வித்தியாசத்துக்குத்தான் பணம்.

உங்கள் ஊர்க் கடைத்தெருவில் பஸ் நிற்கிற இடத்தில் பத்துக்குப் பத்து கடை ஒன்று இருக்கும். பின்தெருவில் அதே அளவு, அதே சிமென்ட், அதே ஷட்டரோடு இன்னொரு கடை. முன்னதற்கு வாடகை நாலு மடங்கு. "இந்தக் கடை அப்படி என்ன உழைத்தது?" என்று யாரும் கேட்பதில்லை. தொகுப்பாளரின் சம்பளத்தில் கூலி கால் பங்கு, மீதி முக்கால் பங்கு வாடகை. சம்பளம் என்ற பெயரில் வருவதால் உங்களுக்கு உறுத்துகிறது. இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு: முகம் அவருடையது, தெருமுனை சேனலுடையது. ஸ்லாட், அதாவது சேனல் கொடுத்த நேரம், போன மறுமாதம் வாடகையும் போய்விடும்.

சன் டிவியில் "பெப்சி உங்கள் சாய்ஸ்" வந்த காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். போன் கிடைக்காமல் தமிழ்நாடே டயல் செய்துகொண்டிருந்தது. உமா என்று யாரும் சொல்லவில்லை, பெப்சி உமா என்றுதான் சொன்னார்கள். அப்பா பெயர் நிற்க வேண்டிய இனிஷியல் இடத்தில் குளிர்பானக் கம்பெனி போய் உட்கார்ந்துகொண்டது. யார் பணம் கொடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள் என்பதை ஜனங்கள் அந்த ஒரு பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்.

புகழ் இருந்தால் பணமும் வந்துவிடும் என்பதும் புதுப் பழக்கம்தான். "ஆகாசவாணி, செய்திகள், வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி" என்று டெல்லியிலிருந்து வந்த குரலை அறியாத தமிழ் வீடு அந்தக் காலத்தில் இல்லை. இலங்கை வானொலியின் பி.எச்.அப்துல் ஹமீதை ராமநாதபுரத்திலும் நாகப்பட்டினத்திலும் சொந்தக்காரர் மாதிரி பேசிக்கொள்வார்கள். சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15ல் வந்தது. பிற்பாடு ஷோபனா ரவி செய்தி வாசித்த நாட்களில், செய்தி முடிந்ததும் எங்கள் தெருப் பெண்கள் அவர் கட்டியிருந்த புடவையைப் பற்றிப் பேசியதை நானே கேட்டிருக்கிறேன். உச்சரிப்பு, நிதானம், தப்பே வராத வாசிப்பு, எதில் குறைச்சல்? இன்றைக்கு இருப்பவர்களில் பாதிப் பேர் அவர்களிடம் உட்கார்ந்து பாடம் படிக்கலாம். ஆனால் அரசு நிலையம் கொடுப்பது அரசு விகிதம். போட்டிச் சேனல் கிடையாது, வியாழக்கிழமைக் கோடு கிடையாது, அதனால் வாடகையும் கிடையாது. திறமையைப் பார்த்துத்தான் சம்பளம் என்றால் இந்தக் கணக்கு தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

ஆக, பணம் தகுமா என்று கேட்டால், அது தகுதி பார்த்து வருகிற பணமே இல்லை என்பதுதான் என் பதில். அதனால் அதை வைத்து உங்கள் 22 வருஷத்தை அளக்காதீர்கள்.

"எழுதிக் கொடுப்பதை ஒப்பிக்கிறவர்கள்" என்று எழுதியிருந்தீர்கள். பாதி உண்மை. அந்தப் பாதியையும் சொல்கிறேன், இன்னொரு பாதியையும் சொல்கிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால், பூந்தமல்லி பக்கம் ஒரு ஃப்ளோர். குழந்தைகள் பாட்டுப் போட்டி. கால்ஷீட் காலை 7 மணி. சிறப்பு விருந்தினராக வர வேண்டிய நடிகர் வந்து சேரும்போது சாயங்காலம் 4. நடுவில் 250 பேர் ஆடியன்ஸ். அவர்களும் தினக்கூலிக்குக் கூட்டி வரப்பட்டவர்கள்தான், சாப்பாட்டுப் பொட்டலத்தோடு. அவர்கள் தூங்கி விழாமல் பார்த்துக்கொள்வது தொகுப்பாளினியின் வேலை. ஒன்பது மணி நேரமாக நாலு இஞ்ச் ஹீல்ஸில் நிற்கிறாள் அந்தப் பெண். காலுக்கு ஐஸ் கேட்டாள். கேன்டீனில் ரோஸ் மில்க்குக்கு வைத்திருந்த ஐஸைக் கொண்டு வந்து கொடுத்தோம்.

ஆறரை மணிக்கு ஒரு பையன் மேடை ஏறினான். ஒன்பது வயசு இருக்கும், உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஏதோ ஊர். பல்லவி நன்றாகப் பாடினான். இரண்டாவது சரணத்தில் வரி மறந்துவிட்டது. டிராக் ஓடிக்கொண்டே இருக்கிறது, பையன் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறான். முன்வரிசையில் அவன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டுவிட்டார். நான் பிசிஆரில், அதாவது கன்ட்ரோல் ரூமில், இயக்குநருக்குப் பக்கத்தில் இருக்கிறேன். அவர் டாக்பேக் மைக்கை அழுத்திக்கொண்டு தொகுப்பாளினியின் காதில் சொல்கிறார்: "அழப் போறான், அழப் போறான், கிட்டப் போ, கேள்வி கேளு, விடாதே. மூணாவது கேமரா, அம்மா மேல போ." அடுத்த வார புரொமோ அவர் கண்ணில் தெரிந்துவிட்டது.

அவள் பையனிடம் போனாள். போகிற வழியிலேயே காதிலிருந்த இயர்பீஸைக் கழற்றித் தோளில் தொங்கவிட்டாள். அவன் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இப்போது அவன்தான் உயரம். "எனக்கு இந்தப் பாட்டில் முதல் வரியே தெரியாதுடா, நீ பாடாமல் சும்மா சொல்லிக் கொடு பார்ப்போம்" என்றாள். அவன் ஒவ்வொரு வரியாகச் சொன்னான். அவளும் வேண்டுமென்றே ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொன்னாள், அவன் திருத்தினான். திருத்தின வேகத்தில் மறந்த வரி தானாக வந்து விழுந்தது. முழுப் பாட்டையும் பாடிவிட்டுத்தான் இறங்கினான்.

ராத்திரி 11 மணிக்கு ஃப்ளோர் நடுவில் இயக்குநர் அவளைக் கத்தினார். அவள் நகையைக் கழற்றிக் கொண்டே சொன்னது ஒரே வரி: "நாளைக்கு அந்தப் பையன் ஸ்கூலுக்குப் போகணும் சார்."

நான் அப்போது வாயைத் திறக்கவில்லை. இதையும் சொல்லத்தானே வேண்டும்.

ஒளிபரப்பில் அது 50 நொடி வந்தது, வயலின் பின்னணியோடு. அந்த 50 நொடியை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அடுத்த சீசனில் அவளை மாற்றிவிட்டார்கள். இன்ஸ்டாகிராமில் கூட்டம் அதிகம் உள்ள வேறொரு பெண் வந்தார், இவளைவிடக் கூடுதல் சம்பளத்துக்கு. சார், உங்களுக்கு ஆதங்கப்பட வேண்டுமென்று இருந்தால் இதற்குப் படுங்கள், நானும் கூடச் சேர்ந்துகொள்கிறேன்.

இனி நீங்கள் சொன்ன பாதி. எழுதிக் கொடுக்கிறவர் என்று ஒருவர் இருக்கத்தான் செய்கிறார். பெரும்பாலும் இருபத்தைந்து வயசுப் பையன், சாலிகிராமத்தில் நாலு பேரோடு ஒரே அறையில் இருப்பான். சிரிப்பு வருகிற பதில், விருந்தினரின் பழைய படத்தைப் பற்றிய குறிப்பு, சில நேரம் "ஆஹா" முதற்கொண்டு அவன் எழுதுவான். அது டிவியில் வரும்போது தொகுப்பாளரின் "டைமிங்" ஆகிவிடும். கடைசியில் டைட்டில் கார்டில் அவன் பெயர் ஓடும் என்பீர்கள். ஓடும், ஆனால் திரையை ஓரமாகச் சுருக்கி அடுத்த நிகழ்ச்சியின் புரொமோவைப் போட்டிருப்பார்கள். அவன் அம்மாவுக்கே அந்தப் பெயர் தெரியாது. அவனுக்குக் காசு வர மூன்று மாதம் ஆகும், அதுவும் நாலு தடவை போன் செய்த பிறகு. தொகுப்பாளருக்கு அதிகம் கொடுக்கிறார்கள் என்பதைவிட இந்த இடைவெளிதான் எனக்கு அநியாயமாகப் படுகிறது. விஜய் டிவியில் 2006லிருந்து வரும் விவாத நிகழ்ச்சி "நீயா நானா"வை எடுத்துக்கொள்ளுங்கள். கோபிநாத் நன்றாகக் கேட்கிறார், எதிரில் இருப்பவர் திக்கித் திணறிச் சொன்னதை நாலு வார்த்தையில் திருப்பிச் சொல்லி, "இதைத்தானே சொல்ல வர்றீங்க?" என்பார். அது நிஜமான திறமை, நம் ஊரில் அபூர்வம். ஆனால் அந்த நிகழ்ச்சியை இயக்குகிற ஆண்டனியின் பெயர் அதைப் பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நம் சேனல்களில் யாருக்கு எவ்வளவு என்பது வெளியே வராது. "எபிசோடுக்கு இத்தனை லட்சம்" என்று செய்தி வருகிறதே, அதை நம்பாதீர்கள். அடுத்த பேரத்துக்காக மேனேஜரே விதைத்த விதையாகவும் இருக்கும். கணக்கு வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதை பிரிட்டனில் பார்த்தார்கள். பிபிசி மக்கள் கட்டுகிற உரிமக் கட்டணத்தில் ஓடுகிற நிறுவனம். அப்போது ஒரு வீட்டுக்கு வருஷம் 147 பவுண்டு. அரசு வற்புறுத்தியதால் 2017 ஜூலையில், ஒன்றரை லட்சம் பவுண்டுக்கு மேல் வாங்குகிறவர்கள் பட்டியலை அது வெளியிட்டது. உச்சியில் வானொலித் தொகுப்பாளர் கிறிஸ் எவன்ஸ், 22 லட்சம் பவுண்டுக்கு மேல். அடுத்தது கால்பந்து நிகழ்ச்சி நடத்திய கேரி லினேக்கர், ஏறக்குறைய 18 லட்சம். பெண்களில் முதலிடம் கிளாடியா விங்கிள்மேன். அவருக்கு ஐந்து லட்சத்துக்குள்தான். பட்டியலில் மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள்.

ஜனங்கள் கோபப்பட்டது லினேக்கர் மாதிரிப் பெரிய சம்பளக்காரர்கள் மேல். ஆனால் அந்த விவகாரத்தின் நிஜமான பலன் பெண்களுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. பார்வையாளர் கருத்தை வைத்து நடக்கிற நிகழ்ச்சி ஒன்றைத் தொகுத்த சமீரா அகமதுவுக்கு ஒரு நிகழ்ச்சிக்கு 440 பவுண்டு. அதே ரகத்தில் இன்னொன்றை நடத்திய ஜெரமி வைனுக்கு 3,000. சமீரா தீர்ப்பாயத்துக்குப் போனார். ஆண் தொகுப்பாளருக்கு "குறும்பான பார்வை" வேண்டும், அதற்குத்தான் கூடுதல் சம்பளம் என்ற ரீதியில்கூட பிபிசி வாதாடிப் பார்த்தது. 2020 ஜனவரியில் சமீரா ஜெயித்தார். உங்கள் கேள்வியை நான் முழுசாக ஒப்புக்கொள்கிற இடம் இதுதான். பொதுப்பணத்தில் சம்பளம் கொடுத்தால் "தகுமா" என்று கேட்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. தனியார் சேனலில் அந்தக் கேள்வியை நாம் ரிமோட்டால்தான் கேட்க முடியும்.

நம் பக்கத்தில் ஆண் பெண் கணக்கு இன்னும் மோசம். ஆண் தொகுப்பாளருக்கு நரை வந்தால் அனுபவம் என்கிறோம். பெண்ணுக்கு முப்பத்தைந்து ஆனாலே "கொஞ்சம் ஃப்ரெஷ்ஷா யாராவது" என்று கூட்டத்தில் பேச்சு வரும். நானே அந்தக் கூட்டங்களில் தலையாட்டியிருக்கிறேன். மாநிறப் பெண் ஆடிஷனில் நன்றாகப் பேசியிருப்பாள். "லைட்டிங் கஷ்டம்" என்று எழுதி ஒதுக்குவோம். ழகரம் வராத வெள்ளைத்தோலுக்கு லைட்டிங் எப்போதும் சுலபம்.

சாயங்கால விவாதங்களை நடத்துகிற செய்தித் தொகுப்பாளர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நல்லது, கேட்டிருந்தால் இந்தப் பதில் இரண்டு மடங்காகியிருக்கும். நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு ஐந்தாவது ஆளாகத் தானே கத்துவதற்கு மரியாதை எதற்கு என்பது எனக்கும் புரிந்ததில்லை.

சரி, மகள்.

சிவகார்த்திகேயன் "கலக்கப் போவது யாரு"வில் ஜெயித்து, "அது இது எது" நடத்தி, 2012ல் சினிமா கதாநாயகன் ஆனார். அந்தக் கதை ஆடிஷன் வரிசையில் நிற்கிற ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும் இருக்கிறது. நான் சொன்ன 60, 70 பேரில், ஐந்து வருஷம் கழித்தும் தொகுப்பை மட்டுமே வைத்துச் சாப்பிட்டவர்கள் பத்துப் பேர் இல்லை. மற்றவர்கள் சீரியலுக்குப் போனார்கள், எஃப்எம் போனார்கள், யூடியூப் தொடங்கினார்கள், ஒருத்தி அண்ணா நகரில் பிளவுஸ் தைக்கிற கடை வைத்து எங்களையெல்லாம்விட நன்றாக இருக்கிறாள். மாதச் சம்பளம் என்ற ஒன்று பெரும்பாலும் கிடையாது, எபிசோடு கணக்குதான். அதில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். பிஎஃப் கிடையாது, இஎஸ்ஐ கிடையாது. சின்னச் சேனலென்றால் உடையும் உங்கள் வீட்டுச் செலவுதான்.

அதனால் வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. டிகிரியை முடிக்கட்டும். எடிட்டிங் கற்றுக்கொள்ளட்டும், அதில் வேலை எப்போதும் உண்டு. எடிட் தெரிந்த தொகுப்பாளருக்கு எந்த இடத்தில் பேச்சை நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும். தினமும் இருபது நிமிஷம் நாளிதழைச் சத்தம் போட்டுப் படிக்கட்டும், ல, ள, ழ தனித்தனியாகக் கேட்கும்படி. அப்புறம், கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழகுவதைவிட ஒரு நல்ல பயிற்சி சொல்கிறேன். திருவாரூர் பஸ் ஸ்டாண்டில் தெரியாத ஆள் ஒருவரிடம் பத்து நிமிஷம் பேசட்டும், கேமரா இல்லாமல். வீட்டுக்கு வந்து அவர் சொன்னதை எழுதட்டும். தான் பேசியது மட்டுமே ஞாபகம் இருந்தால் இந்த வேலை அவளுக்கு இல்லை.

சில விஷயங்களில் கறாராக இருங்கள். ஆடிஷனுக்குக் காசு கேட்டால் அது ஆடிஷன் இல்லை. "கோர்ஸ் முடித்தால் சேனலில் வேலை உறுதி" என்கிற இடத்துக்குக் கட்டுகிற பணம் கிணற்றில் போட்டதற்குச் சமம். ஆடிஷன் சேனல் அலுவலகத்திலோ தயாரிப்பு நிறுவனத்தின் அலுவலகத்திலோ பகலில் நடக்கும்; யாரோ ஒருவரின் அபார்ட்மென்டில் ராத்திரி நடக்காது. ஒப்பந்தத்தில் "வேறு சேனலில் வரக் கூடாது" என்று ஒரு வரி இருக்கும். எத்தனை மாதத்துக்கு என்று பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். நிகழ்ச்சியை நிறுத்திய பிறகும் அந்த வரி கழுத்தைப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். ராத்திரி ஷூட் முடிந்தால் வண்டி யார் கொடுக்கிறார்கள், பாலியல் புகாரை விசாரிக்கிற உள்ளகக் குழுவில் யார் யார் என்று முதல் நாளே கேட்கட்டும். 2013ல் வந்த சட்டப்படி பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் அந்தக் குழு இருந்தாக வேண்டும். கேட்டதற்கு முகம் சுளித்தால் அந்த இடம் வேண்டாம்.

இனி அந்தப் பொன்னாடை. சார், அது நிகழ்ச்சி நிரல் போட்டவரின் தப்பு. நட்சத்திரம் மேடை ஏறிய பிறகு வேறு யாருக்கும் மரியாதை செய்யக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் வருஷமே கற்றுக்கொள்வது. ஜனத்தின் கண் திரும்பாது, திருப்பவும் முடியாது. கௌரவிக்க வேண்டியவரை முதலில் கௌரவித்து முடித்துவிட வேண்டும். இல்லையென்றால் நட்சத்திரத்தின் கையாலேயே செய்ய வைக்க வேண்டும். விவரமான தொகுப்பாளராக இருந்திருந்தால் அவரே மைக்கை வாங்கியிருப்பார். மதுரையில் ஒரு கல்லூரி விழாவில் அப்படி ஒருவர் செய்ததைப் பார்த்தேன். செல்போனோடு சூழ்ந்துகொண்ட பிள்ளைகளிடம், "எல்லோரும் கேமராவை சாரைப் பார்த்துத் திருப்புங்க, நான் எங்கேயும் போயிட மாட்டேன், இவர் நாளைக்கு இங்கே இருக்க மாட்டார்" என்றார். ஐந்நூறு செல்போன் ஒரே நேரத்தில் திரும்பியது. அந்த மனிதர் ஓய்வு பெற்ற நூலகர். உங்கள் ஊருக்கு வந்தவருக்கு அது தோன்றவில்லை. அவருக்கு மரியாதை தகுமா என்றால், அன்றைக்குத் தகவில்லை என்றுதான் சொல்வேன்.

ஒன்று கேட்கட்டுமா? மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற பீரியடில், மின்விசிறி ஓடாத வகுப்பில், நாற்பது பிள்ளைகளுக்கு ஒளிவிலகல் நடத்துகிறவர் நீங்கள். யார் தூங்கப் போகிறான், எந்த இடத்தில் ஒரு கதையை நுழைக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு முதுகில் தெரியும். மகள் பார்த்து வளர்ந்த முதல் தொகுப்பாளர் நீங்களாக இருக்கலாம். உங்கள் வகுப்பில் விளம்பர இடைவேளை இல்லை, சம்பளத்தில் உள்ள வித்தியாசம் அங்கிருந்துதான் வருகிறது.

அடுத்த மாதக் கடைசியில் எங்களுக்கு இரண்டு நாள் ஷூட் இருக்கிறது. மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். தேதியும் இடமும் உங்கள் மெயிலுக்குத் தனியாக அனுப்புகிறேன். ஒரு நாள் முழுக்க ஃப்ளோரில், ஆடியன்ஸ் வரிசையில் இல்லாமல் தொகுப்பாளருக்குப் பின்னால் அவளை நிற்க வைக்கிறேன். காலை 7 மணிக்கு வந்துவிட வேண்டும். சாப்பாடு எத்தனை மணிக்கு என்று என்னால் சொல்ல முடியாது, பையில் பிஸ்கட் இருக்கட்டும். தட்டைச் செருப்பு போட்டு வரச் சொல்லுங்கள்.